தேங்கிய நீர்

டெங்குக் கிழமை.
கூரைப் பீலி, ஏசியின் அடித்தட்டு,
படிக்கட்டின் கீழே யாரோ வீசிய தயிர்ச்சட்டி
எல்லாம் பார்த்து முடித்து
மூன்றாம் மாடி ஏறி வந்திருக்கிறார்
சுகாதாரப் பரிசோதகர் ஹேமசிறி.
"தேங்கின தண்ணி ஏதும் இருக்கா மிஸ்?"

இருக்கிறது.
இந்த அறையில் இருப்பதே அது ஒன்றுதான்.
முழ நீள டெஃப்லான் தொட்டி,
அரை விரற்கடை ஆழம்,
மூன்று வடிகட்டி தாண்டி வந்த நீர்:
உப்பில்லை, ருசியில்லை,
ஒரு புழு பிழைக்க அதில் எதுவுமில்லை.
இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று
நான் தேடி எடுப்பதற்குள்
டோர்ச் அடித்துவிட்டார் உள்ளே.

காலையிலிருந்து அதன்மேல்
துளி துளியாய் வைத்திருந்தேன்
குளோரோஃபோமில் கரைத்த பொலிதயோஃபீன்.
ஊசிமுனை நீரைத் தொடக் கூடாது,
துளிதான் தொட வேண்டும்.
தொட்டதும் ஓடும். எங்கும் பரக்கும்.
குளோரோஃபோம் காற்றோடு போனபின்
மிஞ்சி நிற்பது
ஒரு மூலக்கூறின் உயரம்.
தனியே விட்டால்
தன்னோடு தானே சுருண்டு முடிச்சாகிற சாதி அது;
மெழுகுதிரிக் கொழுப்பமிலம் கொஞ்சம் துணைக்கு இருந்தால்தான்
நீர்மேல் கால் நீட்டிப் படுக்கும்.

மழை விட்ட பம்பலப்பிட்டிச் சந்தியில்
ஓட்டோ சிந்திய எண்ணெயில் வானவில் பார்த்திருப்பீர்கள்.
அது தடிப்பு.
நிறம் காட்டுவதற்கும் ஒரு தடிப்பு வேண்டும்.
இது அதற்கும் கீழே.
தொங்குகிற வடிதாள் துண்டு மட்டும்
தன்னை இழுக்கும் பிடி தளர்ந்ததை உணரும்,
திரையில் ஓர் எண் ஏறும்.

"ஒன்டும் இல்லையே."
"இருக்கு. மேலே ஒரு படலம்."
"எண்ணெயா?"
"எண்ணெய் மாதிரி. ஆனா கரண்ட் போகும்."
சிரித்தார். கேலி இல்லை அதில்.
இருபது வருடமாகத் தானும் இதைத்தானே செய்வதாகச் சொன்னார்:
பாழ்கிணறு, கான், பாதியில் விட்ட மாடிவீடுகளின் அத்திவாரக் குழி;
ஒரு கரண்டி எண்ணெய் போதும்,
அதுவே நடந்து மறுகரை சேரும்.
மூச்செடுக்க மேலே வருகிற புழுவுக்குப்
பிடித்துத் தொங்க
நீரின் தோல் இராது.
'வத்துரே ஹம.' அப்படித்தான் சொன்னார்.
மேற்பரப்பு இழுவிசை என்று
பத்து வருடம் படிப்பித்திருக்கிறேன்.

சொல்லிக்கொண்டே
சுட்டுவிரலை வைத்துவிட்டார்.

அஸ்மியா கத்தியது அதற்குப் பிறகுதான்.
எண் குதித்து, விழுந்து, வேறெங்கோ போய் நின்றது.
ஒரு விரலின் பிசுக்கு:
மாலுபாண், மோட்டார் சைக்கிள் கைபிடி, நாலு மாடிவீட்டுக் கதவுகள்.
அவருக்கு விளங்கியது.
அந்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல்
தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.
பிறகு மற்றக் கையால் படிவத்தை நீட்டினார்.
தேங்கிய நீர்: ஒன்று. புழு: இல்லை.
நான் கையெழுத்திட்டேன்.

உறிஞ்சி, துடைத்து, மறுபடி நீர்.
பகலில் தேர்ஸ்டன் வீதியில் ஒரு பஸ் பிரேக் பிடித்தாலும்
இங்கே என் எண்கள் நடுங்கும்.
பதினொன்றரைக்குப் பிறகுதான்
மேசையிலிருந்து கையை எடுக்கிறது கொழும்பு.
இரண்டு தடுப்புச் சட்டங்களும்
நிமிடத்துக்கு ஐந்து மில்லிமீற்றர் நெருங்க,
எட்ட எட்டக் கிடந்தவை தோளோடு தோள் உரச,
பதினெட்டு. இருபத்திரண்டு. இருபத்தைந்து.
போதும்.
இன்னும் நெருக்கினால் மடியும்.
நேற்று மடிந்தது. முந்தநாளும்.

கண்ணாடித் துண்டு
எழும்புவது தெரியாமல் எழும்புகிறது.
நீருக்குள்ளிருந்து
ஈரமில்லாமல் வருகிறது.

அயடீன் ஆவியில் ஒரு நிமிடம் காட்டி
பொற்கோடுகள் இரண்டிலும் ஊசி இறக்கினேன்.
மீற்றர் யோசித்தது.
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
பிறகு நான்கு நானோ அம்பியர்.

எந்த பல்பும் இதற்கு எரியாது.
அஸ்மியாவை எழுப்பலாமா என்று திரும்பினேன்.
கதிரையில், வாய் திறந்தபடி, நல்ல தூக்கம்.
காதோரம் ஒரு நுளம்பு.
இந்தக் கட்டடத்தில் எங்கோ
படிவத்தில் ஏறாத நீர்
இன்னும் கொஞ்சம் இருக்கிறது.